சாய்ந்த வால்வு

காரை எடுப்பதற்கு முன் பரந்தாமன் அதை மூன்று சுற்றுச் சுற்றுவான். முதல் சுற்றில் நான்கு சக்கரங்களையும் காலால் உதைத்துப் பார்ப்பான். இரண்டாவது சுற்றில் குனிந்து ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்ப்பான். மூன்றாவது சுற்று எதற்கென்று அவனுக்கே தெரியாது. சுற்றாவிட்டால் ஏறி உட்கார மனசு வராது, அவ்வளவுதான். பூந்தமல்லிக் கடைத்தெருவில் அவனுக்குப் பிரதட்சணம் என்றே பேர் வைத்துவிட்டார்கள். டாக்டர் அன்னம்மாளின் பேபி ஆஸ்டின் ஆஸ்பத்திரி வாசலில் உறுமத் தொடங்கினால், சாமி புறப்பாடு ஆகப்போகிறது, தேங்காய் உடையுங்கள் என்று வெற்றிலைக் கடையில் கேலி பேசுவார்கள். பேசட்டுமே. பேசுகிறவனா வண்டி ஓட்டுகிறான்?

பயந்த ஆள்தான், அதை ஒளிப்பானேன். நூம்பலில் பிறந்து வயல் வரப்பில் வளர்ந்தவனுக்கு இருட்டைக் கண்டு பயமில்லை, பாம்பைக் கண்டும் பயமில்லை. சக்கரத்தைக் கண்டுதான் பயம். ஓடுகிற சக்கரம் எந்த நேரத்தில் கழன்றுகொண்டு போகுமோ என்று காது அதிலேயே இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தை அவன் முப்பது வருஷமாக ஒருவரிடமும் சொன்னதில்லை.

அவன் அப்பா உலகநாதன் நூம்பலிலிருந்து கோத்தவால் சாவடிச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப்போகும் வண்டிக்காரர். பரந்தாமனுக்குப் பத்து வயதானபோது அச்சுக்கு எண்ணெய் விடும் வேலையை அவனிடம் கொடுத்தார். சக்கரம் கழலாமல் பிடிக்கிற கடையாணியைப் பிடுங்க வேண்டும், சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே இழுத்து அச்சில் விளக்கெண்ணெய் தடவ வேண்டும், சக்கரத்தை உள்ளே தள்ளி ஆணியைச் செருகி, கல்லால் நாலு போடு போட வேண்டும். ஒருநாள் அச்சு பளபளக்கும்படி எண்ணெய் தடவிய பெருமையில் ஆணியைச் செருகினான், போடுகிற நாலு போட்டை மறந்தான். வேலப்பன்சாவடி தாண்டும் முன் சக்கரம் தனியாக ஓடியது. கவிழ்ந்த வண்டிக்கடியில் அப்பாவின் வலது முழங்கால் நசுங்கியது.

கொல்லன் அடித்த ஆணி கோணல் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். அந்தக் கொல்லனோடு சாகும்வரை பேசவில்லை. ஊரில் பாதிப் பேர் அவனிடம் வேலை கொடுப்பதையே நிறுத்தினார்கள். அப்பா பதினாறு வருஷம் கோலூன்றி நடந்தார். அவர் கோல் சத்தம் கேட்கும்போதெல்லாம் இன்று சொல்லிவிடலாம் என்று பரந்தாமன் வாயைத் திறப்பான். வேறு எதையாவது கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவான். அப்படியே அப்பாவும் போய்ச் சேர்ந்தார், கொல்லனும் போய்ச் சேர்ந்தான்.

சக்கரம் கழன்ற நாளுக்குப் பிறகு அவன் மாட்டு வண்டியைத் தொடவில்லை. பூந்தமல்லி பஸ்ஸில் கிளீனராகச் சேர்ந்தான், அங்கேயே ஓட்டவும் கற்றான், பிறகு டாக்டரிடம் டிரைவராக வந்தான். சக்கரத்துக்குப் பயந்தவன் எதற்கு பஸ்ஸுக்குப் போனான் என்று கேட்பீர்கள். பயப்படுகிற பொருளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். சுபாவம் அப்படி.

டாக்டர் அன்னம்மாள் ஒண்டிக்கட்டை. பூந்தமல்லியில் ஆறு கட்டில் போட்டுப் பிரசவ ஆஸ்பத்திரி வைத்திருந்தார். வர முடியாத பெண்களைத் தேடி அவரே போவார். அதற்காகத்தான் அந்தக் கார். சீமையிலிருந்து வந்த கார்களில் அதைவிடச் சின்னது பட்டணத்தில் கண்ணில் படாது. பெரிய கார் வாங்க வசதியில்லாத வக்கீல், வாத்தியார், டாக்டர் எல்லாரும் அதைத்தான் வாங்கினார்கள். சக்கரங்கள் சைக்கிள் சக்கரம் மாதிரிக் கம்பி வைத்தவை. பின்னால் ஒருவர் தாராளமாக உட்காரலாம், இரண்டு பேர் என்றால் உறவுக்காரராக இருக்க வேண்டும். கோடம்பாக்கம் முதல் திருநின்றவூர் வரை அந்தச் சின்ன வண்டியின் சத்தம் கேட்டாலே, யார் வீட்டிலோ பிள்ளை பிறக்கப்போகிறது என்று பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

யுத்தம் வந்ததும் டயர் மாயமாக மறைந்தது. மலேயாவை ஜப்பான்காரன் பிடித்துவிட்டான், இருக்கிற ரப்பரெல்லாம் பட்டாளத்துக்கே என்றார்கள். டாக்டரானாலும் பர்மிட் இல்லாமல் டயர் கிடையாது. பேபி ஆஸ்டினின் டயர்களில் ரப்பர்ப் பூ தேய்ந்து உள்ளே இருக்கிற கித்தான் தெரிய ஆரம்பித்தது. கிழிந்த இடத்தில் பழைய டயர்த் துண்டை உள்ளே கொடுத்து, ஒட்டுக்கு மேல் ஒட்டுப்போட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினான் பரந்தாமன். அன்னம்மாள் எட்டு மாதம் மனுமேல் மனு எழுதினார். நாற்பத்து மூன்றாம் வருஷம் புரட்டாசியில் பர்மிட் வந்தது. இரண்டு டயர், இரண்டு டியூப். ஸ்டெப்னிக்கு டியூப் கிடையாது என்று அதிலேயே எழுதியிருந்தது.

பட்டணத்துக் கிடங்கில் இரண்டு ஜோடி டயர்களை எடுத்து வைத்தார்கள். ஒன்று காரோடு வந்த அளவு, ஒல்லி. மற்றது அரை அங்குலம் அகலம் கூட. அதே ரிம்மில் ஏறும், ஆனால் காற்றைக் குறைத்து மட்டும் ஓட்டக்கூடாது என்று கிடங்குக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். பரந்தாமனின் கண் அகல டயரைவிட்டு நகரவில்லை. சேற்றில் ஒல்லிப் பட்டை புதையும், அகலப் பட்டை மிதக்கும். இது வண்டிக்காரன் வீட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அகலமானதை எடுப்போம், கிராமத்துச் சேற்றில் புதையாது என்று டாக்டரிடம் சொன்னான்.

"சக்கரத்தைப் பத்தி உனக்குத் தெரியாததா? நீ சொன்னா சரி" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தையில் அவன் நெஞ்சு நிமிர்ந்தது. வீடு திரும்பும் வழியில் அவரே அதை அமுக்கியும் வைத்தார்.

"இது போச்சுன்னா யுத்தம் முடியறவரைக்கும் எனக்கு நடைதான், பரந்தாமா. நான் நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள குழந்தை பொறந்துடும், இல்லேன்னா செத்துடும். பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டான். அதுதான் வினை. புது டயரைச் சட்டென்று மாட்டாமல் ஆயுத பூஜை வரை கோணி போர்த்தி வைத்திருந்தான். பூஜைக்கு முதல் நாள் ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து சக்கரங்களையும் கழற்றினான். ஒவ்வொன்றாக அச்சில் மாட்டிச் சுழற்றி, பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டியைப் பிடித்தான். ரிம் கோணியிருந்தால் கட்டி ஒரே இடத்தில் மட்டும் கோடு இழுக்கும். சுற்றிலும் சீராகக் கோடு விழுந்தவை இரண்டுதான். கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டி, சத்தம் கேட்டு, அந்த இரண்டையே புது டயருக்கென்று வைத்தான். முன்னால் மாட்டுவதா பின்னால் மாட்டுவதா என்று அரை நாள் குழம்பினான். டாக்டரும் மருந்துப் பெட்டியும் பின்னால்தானே, பாரம் இருக்கிற இடத்தில்தான் பலம் வேண்டும் என்று பின்னால் மாட்ட முடிவு செய்தான்.

ரிம்மின் உட்புறம் துரு பிடித்திருந்தது. தேங்காய் நாரால் தேய்த்தான், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தான். அப்புறம் அடுப்படிக்குப் போய் மனைவி நாகம்மாளிடம் நல்லெண்ணெய் கேட்டான். யுத்த காலத்தில் மனுஷர் தலைக்கே எண்ணெய் இல்லை, சக்கரத்துக்கு எண்ணெய்க் குளியல் கேட்கிறதா என்று அவள் நொடித்தாள். எண்ணெய் வைத்தால் சீயக்காயும் போட்டுத்தான் ஆகணும், அதையும் கொண்டுபோ என்று கிண்டலும் செய்தாள். அவன் காதில் அது விழவில்லை. ஏர், மண்வெட்டி, அரிவாள் எல்லாவற்றுக்கும் ஆயுத பூஜையன்று எண்ணெய் தடவுகிற குடும்பம் அவனுடையது. எட்டு மாதம் காத்திருந்து வந்த டயர் உட்காருகிற ரிம்முக்குத் தடவாமல் இருப்பானா? இரண்டு ரிம்மிலும் விரலால் அழுத்தி அழுத்தி எண்ணெயைப் பூசினான். டயர் வழுக்கிக்கொண்டு லட்சணமாக ஏறியது. காற்றடித்தான். மண்ணிலும் சேற்றிலும் நன்றாகப் பரவட்டும் என்று கொஞ்சம் காற்றை இறக்கியும் விட்டான். கிடங்குக்காரர் சொன்னது அப்போது ஞாபகமே இல்லை. மறுநாள் பூஜை முடித்து, சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் காரை ஏற்றினான். அன்று ஒருநாள் மட்டும் அவன் வண்டியை ஒரு சுற்றுத்தான் சுற்றினான், அவ்வளவு தைரியம்.

அடுத்த நாள் காலையில் அந்தத் தைரியம் போய்விட்டது.

டியூபுக்குக் காற்றடிக்கிற மூக்கை வால்வு என்பார்கள். ரிம்மில் உள்ள ஓட்டை வழியாக அது சக்கரத்தின் நடுவைப் பார்த்து நேராக நிற்கும். இடது பின்சக்கரத்தில் அது ஒரு விரற்கடை சாய்ந்திருந்தது. வலது பக்கம் போய்ப் பார்த்தான், அதுவும் சாய்வு. கையால் நிமிர்த்திப் பார்த்தான், நிமிரவில்லை. டியூப் உள்ளே நகர்ந்து வால்வை இழுக்கிறது என்பது புரிந்தது. ஏன் நகர்கிறது என்பது மட்டும் புரியவில்லை. இப்படியே இழுத்தால் ஒருநாள் வால்வு அடியோடு பிய்யும், பின்சக்கரம் ஒரே மூச்சில் சப்பென்று போகும், வண்டி எங்கே பாய்கிறதோ அதுதான் எல்லாரும் போய்ச்சேருகிற இடம்.

உடனே சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். ஆனால் டயரைத் தேர்ந்தெடுத்தவன் அவன், ரிம்மைத் தேர்ந்தெடுத்தவன் அவன், மாட்டியவன் அவன். நீ சொன்னா சரி என்று டாக்டர் சொன்ன வார்த்தை காதிலேயே இருந்தது. இன்றைக்கு ஓட்டிப் பார்ப்போம், தானாகச் சரியாகிவிடும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டான். இரண்டாம் நாள் சாய்வு இரண்டு விரற்கடை ஆனது. மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. பிரேக்கை மிதிக்கவே யோசித்தான். சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் வால்வு தெரிந்தது. எதற்கு இப்படி இளைத்துப்போகிறாய் என்று நாகம்மாள் கேட்டதற்கு, மழைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றான். பத்து வயதில் பூட்டிய வாய் நாற்பது வயதிலும் அப்படியே பூட்டிக்கிடந்தது.

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு, சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு ஒரு ஆள் சைக்கிளில் வந்து ஆஸ்பத்திரி வாசலில் விழாத குறையாக இறங்கினான். பேர் மதுரைவீரன். திருநின்றவூர் ஏரிக்கரைக் குடிசைக்காரன், ஆவடிப் பட்டாள முகாமில் ரோடு போடுகிற கூலி. அவன் மனைவி சொர்ணத்துக்கு முதல் நாள் மாலையிலிருந்து வலி. குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஒரு கை மட்டும் வெளியே வந்திருக்கிறது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். அன்னம்மாள் அவனை மேலே பேசவிடவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார், அவனை முன்சீட்டில் ஏறச் சொன்னார்.

பரந்தாமன் அன்று சுற்றவில்லை. ஒரே ஒரு பார்வை பார்த்தான். வால்வு இரண்டும் படுத்துக்கிடந்தன. இப்போது சொல்லலாமா என்று நினைத்தான். சொன்னால் கார் போகாது, கார் போகாவிட்டால் அந்தப் பெண் பிழைக்கமாட்டாள். சொல்லாவிட்டால் நாமே போய்ச் சேரமாட்டோம். என்ன செய்வதென்று தெரியாமலே வண்டியைக் கிளப்பினான்.

பூந்தமல்லியிலிருந்து ஆவடி ரோடு முழுக்கத் தண்ணீர். எதிரே பட்டாள லாரிகள் சேற்றை வாரி அடித்துக்கொண்டு வந்தன. பரந்தாமன் பிரேக்கையே தொடாமல் ஊர்ந்தான். கொஞ்சம் வேகமாப் போயேன் என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். மதுரைவீரன் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பருத்திப்பட்டு ஏரிக்கரை ஏறும் இடத்தில் ஒரு எருமை குறுக்கே வந்தது. வேறு வழியில்லாமல் பிரேக்கை மிதித்தான். பின்பக்கம் ஒரு குலுக்கல். வண்டி வால் ஆட்டியது. இடது பக்கம் ஏரி, கரைக்கு ஒரு சாண் கீழே நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது.

அந்தக் கரைமேல் அவனால் ஓட்ட முடியவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினான். சொல்லிவிட்டான்.

"வால்வு சாஞ்சிகீது டாக்டரம்மா. ரெண்டு சக்கரமும். இந்தக் கரமேல பிஞ்சிச்சின்னா நேரா ஏரிதான்."

"எப்போலேர்ந்து இப்படி இருக்கு?"

"இப்பதான் பாத்தேன்" என்றான் பரந்தாமன்.

நான்கு நாளை ஒரு வார்த்தையில் விழுங்கிவிட்டான். அது எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று பின்னாளில் நினைக்கும்போதெல்லாம் அவனுக்கே அருவருப்பாக இருக்கும். டாக்டர் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். ஸ்டெப்னியில் டியூப் இல்லை, கழற்றிய பழைய டியூப்கள் ஒட்டுப்போடவும் லாயக்கில்லாதவை. நடந்து போனால் இரண்டு மணி நேரம். மழை ரிம்மின்மேல் விழுந்து, ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. பரந்தாமன் விரலால் தொட்டான், வழுக்கியது. எண்ணெய் தேய்த்த தலையில் தண்ணீர் ஊற்றினால் இப்படித்தான் ஓடும். அப்போதுதான் அவனுக்கு எல்லாம் விளங்கியது. டயர் ரிம்மைப் பிடிக்க முடியாமல் வழுக்கி நகர்கிறது. அச்சுக்கு எண்ணெய் வேண்டும், ரிம்முக்கு எண்ணெய் ஆகாது. நாகம்மாள் கிண்டலாகச் சொன்ன சீயக்காயும் கூடவே ஞாபகம் வந்தது. ரிம் வழுக்குகிறது, தேய்த்து மாட்டினால் போதும் என்று மட்டும் டாக்டரிடம் சொன்னான்.

கரைக்குக் கீழே ஒரு வீடு இருந்தது. ராஜம்மா என்று ஒரு விதவையின் வீடு. அவள் மாட்டுக் கொட்டகைக்குள் மூன்று பேரும் காரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சீயக்காய் இருக்கிறதா என்று பரந்தாமன் கேட்டபோது, கார்க்காரன் இந்த மழையில் தலை முழுகப்போகிறானா என்று அவள் விழித்தாள். பிள்ளைத்தாய்ச்சி விஷயம் என்று டாக்டர் சொன்னதும், தீபாவளிக்கென்று இடித்து வைத்திருந்த பொடியைப் பானையோடு கொண்டுவந்து வைத்தாள். ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி, காற்றை இறக்கி, டயரை நெம்பி எடுத்து, மதுரைவீரன் ரிம்மையும் டயரின் விளிம்பையும் சீயக்காய் போட்டுத் தேய்த்தான். மனைவி உயிருக்குப் போராடுகிற நேரத்தில் அந்த மனுஷன் உட்கார்ந்து சக்கரத்துக்குத் தலை தேய்த்துக்கொண்டிருந்தான். பரந்தாமன் அடுப்புச் சாம்பலைப் பூசி ஈரத்தை உறிஞ்சவிட்டு, திரும்ப மாட்டி, கைப் பம்பில் தோள்பட்டை கழல்கிறவரை காற்றடித்தான். இந்தத் தடவை இறுக்கமாக அடித்தான். டாக்டர் கைக்கடிகாரத்தை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்தார். எல்லாம் முடிய நாற்பது நிமிஷம் ஆனது.

அதன்பிறகு கார் அம்பாகப் போயிற்று. பட்டாபிராம் தாண்டி, நெமிலிச்சேரி தாண்டி, ஒரு தடவைகூட வழுக்கவில்லை.

குடிசைக்குள் டாக்டர் போனார். வெளியே, கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் பரந்தாமனும் மதுரைவீரனும் நின்றார்கள். உள்ளே சொர்ணத்தின் குரல் கேட்டது, பிறகு நின்றது. குழந்தை அழும் சத்தத்துக்காகப் பரந்தாமன் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். வேறு எதையும் அவன் அவ்வளவு ஆசையாகக் கேட்கக் காத்திருந்ததில்லை. அந்தச் சத்தம் வரவே இல்லை.

தாய் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் மதுரைவீரனிடம் சொன்னார். பெண் குழந்தை, அது இல்லை என்றார். கூரைத் தண்ணீரிலேயே முழங்கைவரை கழுவிக்கொண்டு காரடிக்கு வந்தவர், பரந்தாமனிடம் மெதுவாகச் சொன்னார்.

"அரை மணி முன்னாடி வந்திருந்தா உயிரோட எடுத்திருப்பேன். என்ன பண்றது, மழை."

அப்பா கொல்லனைச் சொன்னார். டாக்டர் மழையைச் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் அவனுக்குப் பதில் பழியைச் சுமக்க யாராவது கிடைத்துவிடுகிறார்கள். பரந்தாமனுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல் இருந்தது. ஆமாம் டாக்டரம்மா, மழை என்றான்.

ஏரிக்கரையோரம் மதுரைவீரன் குழி தோண்டினான். டாக்டரின் குடையைப் பிடித்துக்கொண்டு பரந்தாமன் பக்கத்தில் நின்றான். துணிமூட்டையை இறக்கும்போது மேல்துணி விலகியது. பரந்தாமன் முகத்தைத் திருப்பிக்கொள்ள நினைத்தான், முடியவில்லை, பார்த்துவிட்டான். சொர்ணத்தின் கண்ணில் காட்டவில்லை, பார்த்தால் தாங்கமாட்டாள் என்று சொல்லிக்கொண்டே மதுரைவீரன் மண்ணைத் தள்ளினான்.

ஒரு வாரம் கழித்து அந்த மனுஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கையில் ஒரு சுரைக்காய், முழம் கதம்பம், ஒரு எலுமிச்சம்பழம். சுரைக்காயை டாக்டரின் சமையலறையில் கொடுத்தான். கதம்பத்தைக் காரின் பின்சக்கரத்தில் சுற்றினான், எலுமிச்சம்பழத்தை டயரடியில் வைத்துக் கும்பிட்டான். பிறகு பரந்தாமன் பக்கம் திரும்பினான்.

"நீ மட்டும் கவனிக்கலைன்னா மூணு பேரும் ஏரிக்குள்ள பூந்துகினு இருப்போம், நைனா. சொர்ணத்த எனுக்குக் குடுத்தது நீதான்."

பரந்தாமன் குனிந்து சக்கரத்தின் நட்டுகளைத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினான். மதுரைவீரன் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

அன்று வீட்டில் நாகம்மாளிடம் எல்லாவற்றையும் கொட்டினான், அப்பாவின் கடையாணி உட்பட. அவள் அழுதாள், திட்டவில்லை. மறுநாள் காலையில் டாக்டரிடம் சொன்னான். எண்ணெய், இறக்கிவிட்ட காற்று, நான்கு நாள், ஏரிக்கரையில் சொன்ன பொய் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். வேலை போகும் என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேதான் நின்றான். அன்னம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவங்ககிட்ட சொன்னியா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். இல்லை என்றான். ம் என்றார், உள்ளே போய்விட்டார். அவனை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் அந்த ம் அவனை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சைக்கிளை எடுத்துக்கொண்டு திருநின்றவூருக்குப் புறப்பட்டான். வழியெல்லாம் பயம். அடிப்பானோ, ஆள் கூட்டுவானோ, மண்வெட்டியை எடுப்பானோ என்று ஒவ்வொரு மைலுக்கும் ஒரு பயம் வந்து சேர்ந்தது. பட்டாபிராமில் சைக்கிளைத் திருப்பவும் திருப்பினான். நூறு அடி வந்துவிட்டுத் திரும்ப ஏரி பக்கமே மிதித்தான். நாற்பது வயது ஆள், ரோட்டில் போகிறவர்கள் பார்க்க அழுதுகொண்டே சைக்கிள் மிதித்தான்.

மதுரைவீரன் குடிசை வாசலில் மண்வெட்டிக்குக் காம்பு மாட்டிக்கொண்டிருந்தான். பரந்தாமனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உட்காரக் கோணியை விரித்தான். பரந்தாமன் உட்காரவில்லை.

"வால்வு சாஞ்சத நான் அன்னிக்குப் பாக்கல, வீரா. நாலு நாளாப் பாத்துகினு வாய மூடிகினு இருந்தேன். அந்த எண்ணெய வச்சதும் நான்தான். மொத நாளே சொல்லியிருந்தா உன் ஊட்டுக்கு நேரத்துல வந்திருப்போம். கொயந்த இருந்திருக்கும்."

மதுரைவீரனின் கை காம்பின்மேல் அப்படியே நின்றது. பரந்தாமன் அடிக்காகக் காத்துக்கொண்டு நின்றான். அடி விழுந்தால் தேவலை என்றுகூட இருந்தது. மதுரைவீரன் மண்வெட்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு எழுந்தான்.

"இத என்னாண்ட சொல்லாத. அவளாண்ட சொல்லு" என்றான்.

இதைப் பரந்தாமன் எதிர்பார்க்கவில்லை. வழியெல்லாம் பட்ட பயத்தில் இந்தப் பயம் இல்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, குனிந்து உள்ளே போனான். சொர்ணம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பால் கட்டிக்கொள்ளாமல் இருக்க மார்பில் துணியை இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். அவன் திரும்ப முதலிலிருந்து சொன்னான். பாதி வார்த்தைகள் அவனுக்கே கேட்கவில்லை. முடித்துவிட்டு, தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான்.

"பொதைக்கசொல்ல நீ பக்கத்துல இருந்தியாமே" என்றாள் சொர்ணம்.

"இருந்தேம்மா."

"மூஞ்சிய பாத்தியா?"

"பாத்தேன்."

"எனுக்கு யாரும் காட்டல, அண்ணாத்தே. கேட்டாலும் சொல்ல மாட்றாங்க. எப்டி இருந்தா?"

வாசலில் நின்ற மதுரைவீரன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பரந்தாமன் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான். முடி நிறைய இருந்தது என்று சொல்லத் தொடங்கினான்.